சொந்த பிளானர் அச்சில் சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டிசம்பர் பாதி தாண்டினால் இந்தப் புலம்பல்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். "ஸ்கிரீன்ல பளிச்சுனு இருக்கு, அச்சுல ஓரம் போயிடுச்சு." "மார்ச் பதினொண்ணுக்குப் பின்னாடி பதினாலு வந்திருக்கு." "ஸ்பைரல் போட்டா முதல் எழுத்தெல்லாம் ஓட்டைக்குள்ள." வேர்டிலோ எக்செல்லிலோ கேன்வாவிலோ தானே ஒரு பிளானர் வடிவமைத்து, வீட்டு பிரிண்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ அச்சடித்துக் கோத்துக்கொள்பவர்களுக்கு வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப இவைதான். இவற்றில் பெரும்பாலானவை வடிவமைப்பில் இல்லை, பிரிண்ட் கொடுக்கும்போது திறக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கின்றன. அதனால் எது நடந்தாலும் உடனே ஃபைலைத் திறந்து நோண்டாதீர்கள். முதலில் பிரிண்ட் அமைப்பு, அப்புறம் தாள், அதற்கப்புறம் ஃபைல், கடைசியில்தான் மெஷின்.

ஒரே ஒரு முன்னேற்பாடு. முழு வருடத்தையும் அடிப்பதற்கு முன்னால் எட்டுப் பக்க மாதிரி ஒன்று அடியுங்கள். முதல் பக்கத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு, எல்லாப் பக்கத்திலும் மேல் மூலையில் பக்க எண். கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரியை வைத்தே பார்த்துவிடலாம்.

## பக்கம் சுருங்கி வருகிறது, அல்லது ஓரம் காணாமல் போகிறது

ஸ்கேலை எடுத்து அந்த 100 மி.மீ. கோட்டை அளந்து பாருங்கள். வரும் எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

94 மி.மீ. என்றால்: ஃபைல் ஏ4, ஆனால் பிரிண்டர் தன்னிடம் லெட்டர் தாள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. லெட்டர் என்பது அமெரிக்கத் தாள், 216 × 279 மி.மீ. நம் ஏ4 210 × 297. பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் பேப்பர் சைஸை ஏ4 என்று மாற்றினால் முடிந்தது.

96, 97 என்றால்: பக்கத்தைத் தாளுக்குள் அடங்கச் சுருக்கும் 'ஃபிட்' தேர்வாகியிருக்கும். அடோபி ரீடரில் 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றுங்கள். குரோமில் திறந்து அடிப்பவர்கள் 'ஸ்கேல்' என்ற இடத்தில் 'கஸ்டம்' போட்டு 100 கொடுங்கள். மாற்றிய பிறகு கோடு 100 ஆகி, பக்கவாட்டில் மட்டும் வெட்டுப்பட்டால், இணையத்தில் இறக்கிய டெம்ப்ளேட் லெட்டர் அளவில் செய்யப்பட்டது என்று அர்த்தம். ஃபைல் ப்ராபர்ட்டீஸில் 8.5 × 11 இன்ச் என்று இருக்கும். ஸ்பைரல் போடப்போகிறீர்கள் என்றால் 97 சதவீதத்திலேயே அடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. பாதி லெட்டர் டெம்ப்ளேட் என்றால் அப்படி விட முடியாது. அது 140 × 216, ஏ5 148 × 210. உயரத்தில் 6 மி.மீ. இடிக்கும். அதை ஏ5க்கு மாற்றி அமைத்தே ஆகவேண்டும்.

71 என்றால்: 'ஒரு தாளில் இரண்டு பக்கம்' என்று கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் வடிவமைத்தது ஏ4இல். ஏ4 பக்கம் ஏ5க்குள் போக 71 சதவீதமாகச் சுருங்கும். 10 பாயிண்ட் எழுத்து 7 ஆகிவிடும். தமிழுக்கு அது கண்ணைப் பிடுங்கும் அளவு. இதற்கு பிரிண்ட் பெட்டியில் வைத்தியம் கிடையாது. ஃபைலின் பக்க அளவையே 148 × 210 ஆக்கிவிட்டு, எழுத்து பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

100 சரியாக இருக்கிறது, ஆனால் பார்டர் கோடு மட்டும் இல்லை என்றால்: வீட்டு பிரிண்டர்கள் தாளின் விளிம்பு வரை அடிக்காது. நாலைந்து மி.மீ. விட்டுவிடும். சில இங்க்ஜெட்களில் கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் போகும். பார்டரை 8 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். 'பார்டர்லெஸ்' என்று ஒரு வசதி இருக்கும், அதை பிளானருக்குப் பயன்படுத்தாதீர்கள். அது பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் ஓரம் வரை அடிக்கிறது, அதனால் வெட்டுக்கோடும் ஓட்டை அடையாளமும் இடம் மாறிவிடும்.

விளிம்பு வரை கலர் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அது வீட்டு வேலை இல்லை. நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாகக் கலரை நீட்டி வைத்து, டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் கொடுங்கள். பெரிய தாளில் அடித்து வெட்டித் தருவார்கள்.

## பின்பக்கம் தலைகீழாக வருகிறது

பக்கம் நெட்டுவாக்கில், ஸ்பைரல் இடப்பக்கம் என்றால் 'ஃப்ளிப் ஆன் லாங் எட்ஜ்'. ஸ்பைரல் மேல்பக்கம் வரும் சுவர் பேட் மாதிரி என்றால் 'ஷார்ட் எட்ஜ்'. ஏ4 தாளைப் படுக்கவைத்து அதில் இரண்டு ஏ5 பக்கம் அடித்து வெட்டுவதாக இருந்தாலும் 'ஷார்ட் எட்ஜ்'தான். பலரும் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்.

ஜெராக்ஸ் கடையில் "ஃபிரண்ட் அண்ட் பேக்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் அமைப்பில் அடித்துவிடுவார்கள். ஒரு தாளை மட்டும் முதலில் அடிக்கச் சொல்லிப் புரட்டிப் பாருங்கள். கூட்ட நேரத்தில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

## பின்பக்கத்தில் வேறு தேதி வந்திருக்கிறது

தானாக இரண்டு பக்கம் அடிக்கும் வசதி இல்லாத பிரிண்டரில், ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அடித்து, கட்டைத் திருப்பி வைத்து, இரட்டைப்படையை அடிப்போம். கோளாறு எல்லாம் அந்த இரண்டாவது சுற்றில்தான் தெரியவரும். எங்கிருந்து தப்பு ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

முதல் தாளிலிருந்தே தப்பு: வரிசை தலைகீழாக இருக்கிறது. பிரிண்ட் பெட்டியில் 'ரிவர்ஸ்' என்ற டிக்கை மாற்றுங்கள். கட்டை எந்தப் பக்கம் மேலே வைத்துச் செருகுவது என்பது பிரிண்டருக்கு பிரிண்டர் மாறும். வெற்றுத் தாளில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு, அதைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அம்பு எந்தப் பக்கம், எந்தத் திசையில் வெளியே வந்தது என்பதை பிரிண்டர் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

நடுவிலிருந்து தப்பு: இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன. எந்தச் சுற்றில் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். தினம் ஒரு பக்கம், ஒற்றைத் தேதி முன்னால், இரட்டைத் தேதி பின்னால் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 11இன் பின்பக்கம் வெறுமையாக இருந்து, 13இன் பின்னால் 12 வந்தால், இரண்டாவது சுற்றில் ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் வெறுமையாக ஒரு தாள் நடுவே வந்து, 11இன் பின்னால் 14 வந்தால், முதல் சுற்றிலேயே ஒரு வெற்றுத் தாள் கூடப் போயிருக்கிறது. இரண்டிலும் முழுக்கட்டையும் திரும்ப அடிக்கத் தேவையில்லை. தப்பு ஆரம்பித்த தாளிலிருந்து மட்டும் அடித்தால் போதும்.

திரும்ப வராமல் இருக்க, ஒரேயடியாக நூறு தாள் செருகாமல் இருபது இருபதாகச் செருகுங்கள். முதல் சுற்று முடிந்து வெளிவரும் தாள் சூடாக, லேசாக வளைந்திருக்கும். லேசர் என்றால் இன்னும் அதிகம். அதை அப்படியே செருகினால் கண்டிப்பாக ஒட்டும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சீட்டுக்கட்டு மாதிரி இரண்டு முனையிலும் விசிறிவிட்டுச் செருகுங்கள்.

கடைசித் தாள் மட்டும் தப்பு: மொத்தப் பக்கம் ஒற்றைப்படை. கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேருங்கள்.

அடித்ததில் எல்லாம் சரி, வெட்டிய பிறகு வரிசை குலைந்துவிட்டது: ஒரு தாளில் இரண்டு ஏ5 அடிப்பவர்களுக்கு வருவது. தாளில் 1ஐயும் அடுத்த பக்கத்தையும் அருகருகே வைத்தால், வெட்டிய பிறகு ஒவ்வொரு தாளாக எடுத்து மாற்றி மாற்றி அடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் இடப்பாதியில் முதல் அரையாண்டு, வலப்பாதியில் இரண்டாம் அரையாண்டு வரும்படி வையுங்கள். எட்டுப் பக்க மாதிரியில் இது எப்படி என்றால், முதல் தாளின் முன்பக்கம் 1, 5. பின்பக்கம் 6, 2. இரண்டாவது தாளின் முன்பக்கம் 3, 7. பின்பக்கம் 8, 4. நடுவில் வெட்டி, வலக்கட்டை இடக்கட்டின் அடியில் வைத்தால் வரிசை தானாக வந்துவிடும். ஆமாம், பின்பக்கத்தில் இடமும் வலமும் மாறித்தான் இருக்க வேண்டும், அது எழுத்துப்பிழை இல்லை. தேதி போடாத பக்கங்கள் என்றால் இந்த வம்பே கிடையாது, இரண்டு பாதியிலும் ஒரே பக்கத்தை அடித்துவிடலாம்.

தேதி சரி, ஆனால் முன்கோடும் பின்கோடும் நேருக்கு நேர் இல்லை: ஒன்றிரண்டு மி.மீ. விலகினால் விட்டுவிடுங்கள். வீட்டு பிரிண்டரில் அதற்கு மேல் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு மேல் போனால் டிரேயின் பக்கவாட்டுப் பிடிப்பு தாளை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அதையும் சரிசெய்து, பிறகும் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்தால் தாள் இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்துப்போயிருக்கும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, லேசாக ஈரமான துணியால் அதைத் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் தேறவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

## தமிழ் எழுத்து உடைந்து வருகிறது

உடைவது எப்படி என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

கட்டம் கட்டமாக வந்தால்: கடை கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை. வேர்டு ஃபைலைக் கொண்டுபோனால் இதுதான் நடக்கும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். அடோபி ரீடரில் ப்ராபர்ட்டீஸ் திறந்து 'ஃபான்ட்ஸ்' பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் 'எம்பெடட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்தக் கடையிலும் கவலையில்லை.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால்: பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த வாசகத்தை எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறீர்கள். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு இல்லாத இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டுங்கள். நாலைந்து வரிதான் என்றால் திரும்ப அடிப்பதே சீக்கிரம்.

கொம்பு தனியாக, புள்ளிவட்டத்தோடு நின்றால்: எழுத்துரு சரி, வடிவமைக்கும் மென்பொருளுக்குத்தான் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. இன்டிசைன், ஃபோட்டோஷாப் என்றால் 'வேர்ல்ட்-ரெடி' என்று இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா போன்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அந்தத் தலைப்புகளை மட்டும் வேர்டில் அடித்து, 300 டிபிஐ படமாக்கி ஒட்டுவது கடைசி வழி.

எழுத்து உடையவில்லை, மங்கலாக இருக்கிறது என்றால்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருப்பீர்கள். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

கிழமைப் பெயர் கட்டத்தில் அடங்கவில்லை: 'செவ்வாய்'க்கும் 'வியாழ'னுக்கும் ஏழு பத்திகளில் இடம் இருக்காது. ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று சுருக்குவது வழக்கம்தான். ஆனால் 8 பாயிண்டுக்குக் கீழே போனால் 'வி'யும் 'வெ'யும் மங்கலான அச்சில் ஒன்றுபோலத் தெரியும், வியாழக்கிழமை வேலையை வெள்ளியில் எழுதிவைப்பீர்கள். 'வியா', 'வெள்' என்று போடுங்கள்.

## தேதி கிழமையோடு பொருந்தவில்லை, அல்லது கட்டம் போதவில்லை

போன வருட ஃபைலை நகலெடுத்துத் திருத்தியவர்களுக்கு வருவது. எல்லா மாதத்தையும் காலண்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் ஐந்து தேதிகளை மட்டும் பாருங்கள்: 4/4, 6/6, 8/8, 10/10, 12/12. எந்த வருடமானாலும் இந்த ஐந்தும் ஒரே கிழமையில்தான் வரும். 2026இல் சனி, 2027இல் ஞாயிறு. ஒன்று மாறியிருந்தாலும் அந்த மாதத்துக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையே எங்கோ பிசகியிருக்கிறது. ஜனவரி 1ஐயும் மார்ச் 1ஐயும் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

கட்டம் போதாததற்குக் காரணம் ஐந்து வரிசை டெம்ப்ளேட். ஞாயிறில் தொடங்கும் கட்டத்தில் 2026 மே, ஆகஸ்ட் இரண்டுக்கும், 2027இல் ஜனவரி, மே, அக்டோபர் மூன்றுக்கும் ஆறு வரிசை வேண்டும். வரிசை சேர்க்க இடமில்லை என்றால், மாத காலண்டர்காரர்கள் செய்வதுபோல ஒரே கட்டத்தைக் குறுக்காகப் பிரித்து 24/31 என்று போடலாம். எனக்கு அது பிடிக்காது. 31ஆம் தேதி எழுத இடமே இருக்காது.

தமிழ்த் தேதி போடுபவர்கள் எக்செல்லில் முப்பது முப்பதாக இழுத்துவிடாதீர்கள். தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை போகும். பஞ்சாங்கம் பார்த்து ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியையும் கையால் போட்டு, அங்கிருந்து நிரப்புங்கள். திதியும் போடுவதாக இருந்தால் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று ஒன்றை முடிவுசெய்துகொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ராகு காலம் கிழமைக்குக் கிழமை நிலையானது: திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30 என்று. அதனால் வாரப் பக்கத்தின் மாதிரியிலேயே ஒருமுறை போட்டுவிட்டால் போதும்.

## ஓட்டை எழுத்தைத் தின்கிறது, அல்லது தாள் வளையத்தில் மாட்டவில்லை

முன்பக்கம் சரி, பின்பக்கத்தில்தான் தின்கிறது: கோக்கும் ஓரம் முன்பக்கத்தில் இடது, பின்பக்கத்தில் வலது. வேர்டில் 'மிரர் மார்ஜின்ஸ்' கொடுத்து, உள் ஓரம் 15 மி.மீ. வையுங்கள். ஸ்பைரலுக்கு அது தாராளம்.

ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால்: மேல் ஓரத்தில் இடமிருந்தால் மேலேயே ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் தலைகீழாகத் தெரியும், சமாளிக்கலாம். இல்லாவிட்டால் திரும்ப அடிப்பதுதான்.

ஃபைலில் மாட்டும்போது ஓட்டை இடம் மாறுகிறது: சாதாரண இரண்டு ஓட்டை பஞ்சில் ஓட்டைகளுக்கு இடையே 80 மி.மீ., விளிம்பிலிருந்து ஓட்டையின் நடு வரை 12 மி.மீ. தாளை மடித்து நடுவில் லேசாகக் கிள்ளி, பஞ்சின் நடு அடையாளத்தில் அதை வைத்தால் மாறாது. ஆறு வளைய ஏ5 அட்டை வாங்கியிருந்தால் அதன் இடைவெளி 19, 19, 70, 19, 19 மி.மீ. இரண்டு ஓட்டை பஞ்சை வைத்து அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டில் ஆறு இடத்தையும் குறித்து, ஒற்றை ஓட்டை பஞ்சால் போடுங்கள். தாள் நிறைய இருந்தால் ஆறு ஓட்டை பஞ்ச் ஒன்று வாங்கிவிடுவதே நிம்மதி.

## எழுதினால் மை ஊறுகிறது, அல்லது அச்சு கலைகிறது

பேனா மை பின்பக்கம் தெரிந்தால் தாள் மெலிது. கடையில் கேட்காமல் அடித்தால் 70 அல்லது 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தான் வரும். பால்பாயிண்டுக்கு அது போதும். ஜெல் பேனாவுக்கு 80க்கு மேல், மை ஊற்றும் பேனாவுக்கு 100 கேளுங்கள். முழுக்கட்டும் அடிப்பதற்கு முன்னால் ஒரு தாள் வாங்கி, உங்கள் பேனாவாலேயே எழுதிப் பாருங்கள்.

ஹைலைட்டர் போட்டால் கோடு கலைகிறது என்றால் அது இங்க்ஜெட் அச்சு. ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள், பல மைகளில் அதுவே போதும். இல்லையென்றால் லேசரில் அடியுங்கள். லேசர் அச்சே விரலால் தேய்த்தால் உதிர்கிறது என்றால், பிரிண்டரில் பேப்பர் வகையைத் தடிமன் என்று மாற்றி ஒரு தாள் அடித்துப் பாருங்கள். அப்படியும் உதிர்ந்தால் உள்ளே சூடாக்கும் பாகம் போயிருக்கிறது. அதைத் தொடாதீர்கள், கை சுட்டுவிடும். சர்வீஸ் ஆள்தான் வரவேண்டும், செலவும் கொஞ்சம் ஆகும். விலை கேட்டுவிட்டு, பிளானரை மட்டும் கடையில் அடித்துக்கொள்வது லாபமா என்று கணக்குப் பாருங்கள்.

சாம்பல் நிறக் கோடுகள் புள்ளிபுள்ளியாக வந்தால் நிறத்தைக் கறுப்பாக்கி, தடிமனை அரை பாயிண்டாகக் குறையுங்கள். அடித்த பிரதியை ஜெராக்ஸ் எடுப்பதாக இருந்தால் சாம்பல் நிறமே வேண்டாம்.

## நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தது விரிய மாட்டேன் என்கிறது

பக்கங்கள் நாலின் மடங்கில் இல்லை என்றால் 'புக்லெட்' அச்சில் வெற்றுப் பக்கம் எங்காவது நுழையும், அதைக் கடைசியில் நீங்களே சேர்த்துவிடுங்கள். வரிசை சரியாக இருந்தும் உள்தாள்கள் வெளியே பிதுங்கி, வெட்டினால் ஓரத்து எழுத்து போகிறது என்றால் தாள் அதிகம். 75 ஜிஎஸ்எம்மில் பதினாறு தாளுக்கு மேல் ஒரு மடிப்பில் வைக்காதீர்கள், அதுவே 64 பக்கம். தினம் ஒரு பக்கம் என்றால் ஒரு வருடத்துக்கு ஏ4இல் 92 தாள் ஆகும். அதை ஒரே மடிப்பில் வைக்க சாதாரண ஸ்டேப்ளரால் முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் பதினாறு தாளுக்குள் அடங்கிவிடும், பையிலும் கனக்காது.

ஒரே புத்தகமாகத்தான் வேண்டும் என்றால் பைண்டரிடம் போங்கள். போகும்போது அச்சடித்த கட்டோடு அந்த எட்டுப் பக்க மாதிரியையும் நீங்களே மடித்து, வெட்டவேண்டிய கோட்டைப் பென்சிலால் குறித்து எடுத்துப் போங்கள். "மூணு பக்கமும் வெட்டணும், ஆனா இந்தக் கோட்டுக்கு உள்ளே வரக்கூடாது" என்று கையில் காட்டிச் சொன்னால்தான் சரியாக வரும். கத்தி மெஷினில் கட்டை வைத்துவிட்டார்கள் என்றால் அப்புறம் திருத்த வழியில்லை.